சஹரில் போட்ட இரண்டு குளிசை

மனநலக் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

போன வாரம் என் பிரஷரைப் பார்ப்பதற்காக வைத்தியசாலைக்கு வந்தபோது, உங்களில் ஒருவர் என்னை நடைபாதையில் மறித்துக்கொண்டு, "டொக்டர், ஏ.டி.எச்.டி. எண்டு ஒண்டு உண்மையில இரிக்கா, இல்லாட்டி வெள்ளக்காரன் சும்மா வெச்ச பேரா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓய்வு பெற்று, மருந்தெடுக்க வந்த கிழவியிடம் வழியில் நிற்க வைத்துக் கேட்கிற கேள்வியா இது? பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேநீரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது, கோபம் அந்தப் பிள்ளையின் மேல் அல்ல. அந்தக் கேள்வியை இனி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை என்பதுதான் என்னைச் சுட்டிருக்கிறது.

அந்த மேசையை இப்போது நீங்கள் பாவிக்கிறீர்கள். அதன் வலது பக்க லாச்சியை ஒரு பிள்ளை உடைத்தது. பிரஷர் பார்க்கிற கருவியின் ரப்பர் உருண்டையை இன்னொரு பிள்ளை கடித்து ஓட்டையாக்கியது. ஜன்னல் திரையைப் பிடித்துத் தொங்கியவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. தலை இடிக்கிறது என்று நாளும் பொழுதும் புறுபுறுத்துக்கொண்டுதான் அந்த அறையில் இருந்தேன். இன்று என் வீட்டில் ஒரு பொருளும் உடைவதில்லை. நான் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை. அந்த இரைச்சல் எனக்கு வேண்டியிருக்கிறது என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

சரி, கேள்விக்கு வருவோம்.

கவனம் ஓரிடத்தில் நிற்காமல் இருப்பது உண்மையான வருத்தமா, நோய்தானா என்று கேட்பவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்பதில்லை. ஆசிரியர் கேட்டால், "நான் களைத்துப்போனேன், இந்தப் பிள்ளையை என்ன செய்வது?" என்று அர்த்தம். தகப்பன் கேட்டால், "என் இரத்தத்தில் குறை சொல்கிறாயா?" என்று அர்த்தம். உங்களைப் போன்ற இளம் டொக்டர்கள் கேட்டால், அண்மையில் எதையோ போனில் வாசித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கேட்பவர் யார் என்று பார்க்காமல் பதில் சொல்லத் தொடங்காதீர்கள்.

சந்தேகப்படுபவர்களிடம் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரத்தத்தில் தெரியாத, ஸ்கேனில் விழாத ஒன்றைக் கதை கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம். கதை கேட்பதில் பிழை விடலாம். ஒரு தாய், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிற பிள்ளையைக் கொண்டுவந்து, "நாலு டியூஷன் போறான், நாலாவதுல இருக்கிறானில்ல, ஏதும் குளிசை தாங்க" என்று கேட்டார். "நாலாவது டியூஷனில் நானும்தான் இருக்கமாட்டேன், எனக்கும் சேர்த்து எழுதட்டுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். அந்தத் தாய் போகிற வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. துறுதுறுப்பெல்லாம் வருத்தமல்ல. பள்ளிக்கூடத்தில் மட்டும் குழப்படி செய்து வீட்டில் ஒழுங்காக இருக்கிற பிள்ளையென்றால் முதலில் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள்.

ஆனால் உண்மையானது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய நோன்பு மாதத்தில் நடந்தது. பிள்ளைக்கு றிஸ்னா என்று பெயர் வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு.

றிஸ்னா சாய்ந்தமருதுப் பிள்ளை. ஓ.எல். பரீட்சை எழுதவேண்டிய பதினாறு வயது. உம்மா வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு அபாயா தைப்பவர். வாப்பா கட்டாரில் சாரதி. முதல்முறை வந்தபோது கதவைத் திறக்கும்போதே அவள் பாதிக் கதையில் இருந்தாள். பஸ்ஸில் யாரோ ஒருவரின் கோழி கூடையை விட்டு ஓடிய கதை. அதை முடிக்குமுன் என் மேசையில் இருந்த கடிகாரம் ஏன் பிந்துகிறது என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன் அந்தப் பதிலையும் அவளே சொன்னாள். உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, "இது இப்பிடித்தான் டொக்டர், வாய்க்குப் பூட்டில்ல" என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்தது.

வாய் மட்டும் என்றால் நான் அவளை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் உருகி, ஒரு தடவை வீட்டுக்கூரை வரை தீ போயிருக்கிறது. புத்தகப் பையைப் பஸ்ஸிலும் கடற்கரையிலும் விட்டுவிட்டு வருவாள். கணக்கில் இரண்டாவது வினாவின் விடையை மூன்றாவதில் எழுதுவாள். வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள், தாளில் பாதி வெறுமையாக இருக்கும். பாலர் வகுப்பிலிருந்தே இப்படி. பள்ளிக்கூடத்திலும், வீட்டிலும், ஓதப்போகிற இடத்திலும் இப்படியே. எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் சோம்பேறி. அவள் தனக்கு வைத்த பெயர் மொக்கு.

"என்ன நடக்குது மகள், கிளாஸ்ல?" என்று கேட்டேன்.

"டொக்டர், டீச்சர் கதைக்கிறதும், ஃபேன் சுத்துறதும், பின்னுக்கு ஒராள் பேனையத் தட்டுறதும், ரோட்டுல ஓட்டோ போறதும் எனக்கு ஒரே அளவாக் கேக்கும். எத விடுறது, எதப் புடிக்கிறது எண்டு தெரியா."

நான் படித்த புத்தகங்களில் எதுவும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று குளிசை தொடங்கினேன். கொஞ்ச நாளில் வந்து, "டொக்டர், இப்ப டீச்சர்ட சத்தம் முன்னுக்கு வந்து நிக்கிது, மத்ததெல்லாம் பின்னுக்குப் பெய்த்து" என்றாள். கணக்குத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். கடைசி வினா வரை எழுதியிருந்தாள். கதை மட்டும் குறையவேயில்லை. தாளைக் காட்டிக்கொண்டே அதிபரைப்போல நடந்தும் காட்டினாள். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வாப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை, உம்மா அவரோடு போனில் சண்டை பிடித்துத்தான் மருந்தைத் தொடர்ந்தார். போனில் என்னிடமே சொன்னார்: "வருத்தமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல டொக்டர். உம்மாட செல்லம். ஓஎல்ல கணக்குப் பாஸ் பண்ணினா ஏஎல் படிக்கட்டும். இல்லாட்டி என்ட தாத்தாட பக்கத்துல ஒரு சம்பந்தம் இரிக்கி, செஞ்சி வைப்பம்." மூத்த சகோதரியை நாங்கள் தாத்தா என்போம், வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். றிஸ்னாவுக்குப் படிக்க வேண்டும் என்று உயிர். ஆக, அவளுடைய மிச்ச வாழ்க்கை ஒரு கணக்குத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் பரீட்சை நோன்புக்குள் வந்து விழுந்தது.

நோன்புக்கு முந்திய கிளினிக்குக்கு உம்மா வரவில்லை. பெருநாளுக்கு அபாயா ஓடர் குவிகிற காலம், மெஷினை விட்டு எழும்ப முடியாது. தன் தங்கையை, றிஸ்னாவின் சாச்சியை அனுப்பிக் குளிசையை எடுப்பித்துவிட்டார். நோன்பு தொடங்கி, பரீட்சைக்குச் சில நாட்களே இருக்கும்போது மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். வாப்பா லீவில் வந்திருந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். எனக்கென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வேறு.

"டொக்டர், நான் பிழையா நெனச்சிட்டன். நல்ல மருந்து. புள்ள அடங்கிட்டா. மாமிமார் எல்லாம் சொல்றாங்க, நோன்பு வந்ததோட புள்ள திருந்திட்டா எண்டு. ராவுல தறாவீஹ் தொழுகைக்குப் போனா ஒரு அசைவில்ல. இப்பதான் பொம்புளப் புள்ள மாதிரி இரிக்கா."

றிஸ்னா கதிரையில் இருந்தாள். இரண்டு கையும் மடியில். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, லாச்சியைத் தொடவில்லை. "எப்பிடி மகள்?" என்றேன். "நல்லம்" என்றாள். அவ்வளவுதான். உண்மையைச் சொல்கிறேன், வெளியே நோயாளர் வரிசை வாசலைத் தாண்டி நின்றது, தகப்பன் மெச்சுகிறார், பிள்ளை ஒழுங்காக இருக்கிறாள், அடுத்த மாதம் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்து அனுப்ப எல்லா வசதியும் இருந்தது. உங்களுக்கும் அப்படியான நாட்கள் வரும். ஒரு பிள்ளை உங்களுக்கு வசதியாக இருக்கிற நாளில் கொஞ்சம் பயப்படுங்கள்.

எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் சொன்னால் கோபிப்பார். ஒரு பிள்ளை வந்தால் அவர் தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பார்: "வீட்டில உன்னால ஆர் சிரிக்கிறது?" மருந்து தொடங்குமுன் ஒரு தடவை, தொடங்கிய பின் ஒவ்வொரு தடவையும். அது ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவருடைய குரலைக் கேட்காமல் எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் சிக்கலான நாட்களில் பக்கத்துக் கதிரையை இன்னும் திரும்பிப் பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். பிறகு அந்தக் கேள்வியை றிஸ்னாவிடம் கேட்டேன்.

முதல்நாள் கேட்டபோது, "எல்லாரும்தான் டொக்டர், ஏசிப்போட்டு மறுகா சிரிப்பாங்க" என்று சொன்னவள் அவள். இன்று நெடுநேரம் யோசித்தாள். "ஆரும் சிரிக்கிறல்ல" என்றாள். கவலையாகக்கூடச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதைப்போலச் சொன்னாள்.

நாடியைப் பிடித்தேன். ஓடி வந்தவளைப்போல அடித்தது. உம்மாவைப் பார்த்தேன். "மருந்து எப்பிடிக் குடுக்கிறீங்க?" என்றதும் உடைந்துவிட்டார்.

"ரெண்டையும் சஹருல சேத்துக் குடுக்கன் டொக்டர். நோன்போட பகல்ல குளிசை போட ஏலாதே. ஒண்டு குடுத்தா எட்டு ஒம்பது மணிக்கெல்லாம் முடிஞ்சி போகும், சோதினை தொடங்கக்குள்ள மருந்து இரிக்காது. ரெண்டச் சேத்துக் குடுத்தா மத்தியானம் மட்டும் நிக்கும் எண்டு நெனச்சன்."

அன்பில்லாத எந்தத் தாயும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டாள். நோன்பையும் காப்பாற்றி, பரீட்சையையும் காப்பாற்றி, மருந்தையும் விடாமல் இருக்க ஒரு தாய் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிப் போட்ட கணக்கு அது. ஆனால் தீயைக் கூட்டினால் சோறு கருகுமே தவிர இரண்டு வேளைக்கு வராது. குளிசையின் பலம் இரட்டித்ததே ஒழிய நேரம் நீளவில்லை. அதை மெதுவாகச் சொன்னேன். ஏசவில்லை. என் வாயைத் தெரிந்த தாதிமார் அதை நம்பமாட்டார்கள்.

"எனக்கு இந்த மருந்தே வேணா டொக்டர்" என்று அவர் அழத் தொடங்கினார். "என்ட மெஷினுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு ஓயாமக் கதைப்பா. வாய மூடுகா, வாய மூடுகா எண்டு எத்தினதரம் ஏசியிரிப்பன். இப்ப மெஷின் சத்தம் மட்டும்தான் கேக்குது. கஞ்சி குடிக்க இருந்தா ஒரு கதையில்ல. இவ இரிக்கா, என்ட புள்ள இல்ல. எனக்கு என்ட புள்ளயத் தாங்க."

வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கத இது? இத்தின வருஷம் கத்திக் குழறினது நீங்கதானே, புள்ள அடங்குறால்ல எண்டு? அடங்கினா அதுவும் குத்தமா? டொக்டர், இப்பிடியே போகட்டும்."

பார்த்தீர்களா, மருந்தே வேண்டாம் என்றவர் அதிகமாகக் கொடு என்கிறார். மருந்துக்காகச் சண்டை பிடித்தவர் நிறுத்து என்கிறார். இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத்தான் நேசிக்கிறார்கள். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு குளிசை சஹரில் கூடவே கூடாது, பழைய அளவுக்கு வருவோம், பரீட்சை நாட்களில் மண்டபத்துக்குப் போகுமுன் காலையில் ஒன்று போடட்டும் என்றேன். நீண்ட நேரம் வேலை செய்கிற வகை அப்போது எங்கள் மருந்தகத்தில் இருக்கவில்லை. அப்படியென்றால் அந்த நாட்களின் நோன்பை விடவேண்டும். அதையும் சொன்னேன்.

"நோன்ப விடுறதா?" என்றார் வாப்பா. "வருத்தக்காரங்களுக்குத்தானே அந்தச் சலுகை. இவக்கு என்ன வருத்தம்? காய்ச்சலா, வயித்துக் குத்தா? நல்லாத்தானே இரிக்கா."

உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் மௌலவிட்டக் கேட்டன் டொக்டர். வருத்தமா இல்லையா எண்டு அவருக்குத் தெரியாதாம். டொக்டர் வருத்தமெண்டு சொன்னா விடலாமாம், விட்ட நோன்ப மறுகா கழாப் புடிக்கட்டாம். வருத்தமில்ல எண்டா விடக்கூடாதாம்."

எவ்வளவு நேர்மையான மனிதர் அந்த மௌலவி. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். கருத்தரங்குகளில் நாம் இதைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடலாம், ஒருபுறம் மறுபுறம் என்று இழுக்கலாம், கடைசியில் எல்லோரும் சாப்பிடப் போகலாம். அன்று எனக்கு அந்த வசதி இல்லை. ஓம் அல்லது இல்லை. ஓம் என்றால் ஒரு பிள்ளை நோன்பை விடுவாள், அதற்குப் படைத்தவனிடம் நானும் பதில் சொல்ல வேண்டும். இல்லை என்றால் அவளுடைய படிப்பு அந்த வாரத்தோடு முடியும்.

வாப்பா குரலைத் தணித்துச் சொன்னார்: "டொக்டர், இப்பிடியான ஆக்கள் ஊருல இல்லயா? மறதிக்காரன், ஓட்டக்காரன், வாய்க்காரன். அவங்களும் வாழ்ந்துதானே போறாங்க."

அந்த ஒரு வார்த்தையில் நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அப்படியான ஒருவரோடுதான் நான் வாழ்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். என் கணவர் வந்து இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் என் வீட்டில் எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று அவருக்குத் தெரியாது. ஹார்ட்வெயார் கடை தொடங்கினார், அது நடந்துகொண்டிருக்கும்போதே நெல் வாங்கப் போனார், நெல் களஞ்சியத்தில் இருக்கும்போதே தென்னங்கன்று நட இடம் பார்த்தார். மீன் வாங்கக் கல்முனைச் சந்தைக்குப் போய் மீனை மறந்து ஒரு கிளிக்கூண்டோடு வந்திருக்கிறார். கிளியும் இல்லை, வெறுங்கூண்டு. என்னை அவரைப்போலச் சிரிக்க வைத்தவர் ஒருவரும் இல்லை. அவருக்கு இந்த வருத்தம்தான் என்பது எனக்குத் தெரியும், சொல்லியும் இருக்கிறேன். "பொண்டாட்டி டொக்டர் எண்டா புருஷனுக்கு வருத்தம் இல்லாம விடுவாளா?" என்று கேட்டு ஊர் முழுக்க அதைப் பகிடியாக்கினார். மருந்துக்கு மட்டும் சம்மதிக்கவேயில்லை.

ஆனால் கடையை மூடிய அன்று மாலை கிணற்றடியில் இருந்துகொண்டு, "எனக்கு மட்டும் ஏன்கா ஒண்டும் முடியிதில்ல?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை. அந்த முகத்தை நான் மட்டுமே பார்த்தேன். பிரஷர் குளிசையைப் போட்டேன் என்பார், போட்டிருக்கமாட்டார். பொய் சொல்கிறவர் அல்ல, போட நினைத்ததும் போட்டதும் அவருக்கு ஒன்றுதான். ஒரு விடிகாலை, சுபஹ் நேரத்தில் மூளையில் இரத்தக்குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்தார். இப்போது என் வீட்டில் சாவி வைத்த இடத்தில் இருக்கிறது. அந்த ஒழுங்கை நான் வெறுக்கிறேன். அவர் வந்து எல்லாவற்றையும் ஒரு தடவை கலைத்துவிட்டுப் போகமாட்டாரா என்று இருக்கிறது.

ஆகவே அந்தத் தகப்பனுக்குப் பதில் சொல்ல நான் புத்தகத்தைப் புரட்டத் தேவையிருக்கவில்லை.

"ஓம்" என்றேன். "வருத்தம்தான். மௌலவிட்ட என்ட பேரச் சொல்லுங்க. வாழ்ந்துதான் போறாங்க, நீங்க சொல்றது சரி. ஆனா எப்பிடி வாழ்ந்து போறாங்க எண்டு வீட்டுக்குள்ள இரிக்கிறவங்களிட்டக் கேட்டுப் பாருங்க. மத்தது, இவ இப்ப அடங்கி இரிக்கிறது சுகமில்ல. மருந்து கூடிப்போனது. இத நல்லமெண்டு சொல்லாதீங்க."

பிறகு உம்மாவின் பக்கம் திரும்பினேன். அவரிடம் பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நிப்பாட்டினா உங்களுக்கு அந்தச் சத்தம் திரும்பி வரும். அவட கணக்கு வராது. உங்கட ஆசைக்காக அவவ விட்டிராதீங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு, பேசவேண்டியவள் ஒருத்தி இருக்கிறாளே என்று கதிரையைத் திருப்பி றிஸ்னாவைப் பார்த்தேன். "நீ சொல்லு மகள். ஒனக்கு என்ன வேணும்?"

அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "மருந்து வேணும் டொக்டர். இது வேணா. உள்ளுக்க நான் இரிக்கன். வெளிய வர ஏலாம இரிக்கி."

வாப்பா அவளைப் பார்த்தார். அன்று அந்த அறைக்குள் வந்த பிறகு அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்துவிட்டு, "சரி, டொக்டர் சொல்ற மாதிரிச் செய்வம்" என்றார்.

இன்னொரு சங்கடம் மிச்சம் இருந்தது. பரீட்சை மண்டப வாசலில் எல்லாப் பிள்ளைகளும் நோன்போடு நிற்கும்போது றிஸ்னா எப்படித் தண்ணீர் குடிப்பது? அதற்கு உம்மாவிடம் வழி இருந்தது. "தொழுகை இல்ல எண்டு நெனச்சிக் கொள்ளுவாங்க, ஆரும் கேக்கமாட்டாங்க" என்றார். உண்மைதான். மாதத்தில் சில நாட்கள் பெண்கள் நோன்பு பிடிப்பதில்லை. அந்த நாட்களில் எங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கண்டும் காணாமல் இருப்பார்கள். அதைப்போல மரியாதையான பழக்கம் வேறில்லை. அந்த மறைவில் ஒதுங்கிக்கொள்ளட்டும், பிழையில்லை என்று நானும் சொன்னேன்.

முதல் பரீட்சை நாளன்று உம்மா எனக்குப் போன் எடுத்தார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிடிபடவில்லை. வாசலில் றிஸ்னா குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்திருக்கிறாள். கூட நின்ற பிள்ளைகள் வழக்கம்போல முகத்தை மறுபக்கம் திருப்பியிருக்கிறார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அவளால் இருக்க முடியுமா? "ஏன்கா எல்லாரும் அங்கால பாக்கிறீங்க? எனக்குத் தொழுகை இரிக்கி. வருத்தமும் இரிக்கி. இது அதுக்கு மருந்து. மறுகா கழாப் புடிப்பன்" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அந்தக் குளிசை என்ன செய்யும் என்ற விளக்கத்தையும் தொடங்க, மணி அடித்துவிட்டதாம்.

"இவட வாப்பா மோட்டார்சைக்கிளோட பக்கத்துல நிண்டவர் டொக்டர். வெக்கத்துல தலையக் குனிஞ்சிக்கிட்டார் எண்டு நெனச்சன். பாத்தா சிரிக்கிறார்." அதைச் சொல்லும்போது உம்மாவும் சிரித்துவிட்டார்.

பெருநாள் முடிந்ததும் அவள் விட்ட நோன்புகளைப் பிடித்தாள். லீவு முடியுமுன் வாப்பாவும், பெருநாளுக்குப் பிறகு விரும்பியவர்கள் பிடிக்கிற ஆறு நோன்பைப் பிடித்து அவளோடு சேர்ந்து திறந்தாராம். ஊரில் அநேகருக்கு நோன்பில்லாத அந்த மாலைகளில் தகப்பனும் மகளும் மட்டும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்ததை உம்மா மெஷினில் இருந்தபடியே பார்த்திருக்கிறார். பாங்கு சொல்லியும் மகளுடைய கதை முடியவில்லை என்றார்.

பெறுபேறு வரும்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கணக்கில் சாதாரண சித்தி. பெரிய புள்ளியில்லை, அவளுக்குப் போதும். சம்பந்தப் பேச்சு நின்றது, ஏ.எல். வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். இதையெல்லாம் உம்மா சொல்லித்தான் அறிந்தேன். மெஷின் ஓடுகிற சத்தமும், அதற்கு மேலால் றிஸ்னாவின் குரலும் போனில் கேட்டது. அந்தப் பக்கம் உம்மாவைப் பேசவிடாமல் அவளே பாதியைச் சொன்னாள். போனை வைத்த பிறகு என் வீடு முன்னையைவிட அமைதியாக இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கட்டாரிலிருந்து அவளுடைய வாப்பாவின் வொயிஸ் மெசேஜ் ஒன்று வந்தது. நான் எழுதிக் காட்டுகிறேன், குரலை உங்களுக்கு எழுதிக் காட்ட முடியவில்லையே என்பதுதான் கவலை.

"டொக்டர், அஸ்ஸலாமு அலைக்கும். மகள் பாஸ், கேள்விப்பட்டிருப்பீங்க. டொக்டர், இந்தமுற வந்துபோனதுல இருந்து எனக்கு றூமில இரிக்க ஏலாம இரிக்கி. நாலு பேர் இரிக்கம், ஆளுக்கு ஒரு போன், ஒரு சத்தமில்ல. மகளுக்கு எடுத்து, கதைகா எண்டு சொல்லிப்போட்டு போன நெஞ்சுல வெச்சிக்கிட்டுப் படுத்திரிவன். எங்க தொடங்கி எங்க போறா எண்டு எனக்கு விளங்குறல்ல. ஆனா அது கேக்க வேணும் டொக்டர், கேட்டாத்தான் நித்திர வருது. அவட மருந்த நிப்பாட்டிராதீங்க டொக்டர். அவட வாயையும் நிப்பாட்டிராதீங்க."

நான் ஓய்வு பெற்ற செய்தி அவருக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. "சரி" என்று மட்டும் பதில் போட்டேன். போட்டுவிட்டேனே தவிர, அந்த வாக்கைக் காப்பாற்றுவது இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. றிஸ்னா அடுத்த கிளினிக்குக்கு வருவாள். கதவைத் திறக்கும்போதே பாதிக் கதையில் இருப்பாள். உங்களை ஒரு வார்த்தை பேசவிடமாட்டாள். எனக்கு உங்கள் மேல் பொறாமையாக இருக்கிறது.